ரீட் ஒன்லி ஃபோல்டர்: பூட்டை உடைக்கிறதுக்கு முன்னாடி, பூட்டினது யார்னு பாருங்க!



கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் இருக்கு. திறந்தால் திறக்குது. உள்ளே இருக்கிற ஃபைலைப் படிக்க முடியுது. ஆனா ஒரு எழுத்தை மாற்றிச் சேமிக்கப் போனால் "முடியாது, இது ரீட் ஒன்லி" என்று சொல்லுது. அதாவது, பார்க்கலாம், தொடக்கூடாது! கடைக் கண்ணாடிக்குள் இருக்கிற பால்கோவா மாதிரி.

இது ஏன் வருகிறது, எப்படிச் சரி செய்வது என்று இந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளமான கட்டுரைதான். பொறுமையாகப் படியுங்கள். ஒருநாள் உங்கள் வீட்டுக்கே தேவைப்படும்.

1. இந்தப் பூட்டு எதுக்கு?

முதலில் ஒன்று புரியணும். ரீட் ஒன்லி என்பது நோய் கிடையாது. அது ஒரு காவல்.

முன்பு டேப்ரிக்கார்டர் கேசட் இருந்தது இல்லையா? அதன் மேல்பக்க ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் வேறு பாட்டுப் பதிய முடியாது. மறுபடி பதியணும்னா அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டுவார்கள். மூன்றரை இஞ்ச் ஃபிளாப்பியிலும் ஒரு தள்ளு பட்டன் இருந்தது. ஓட்டை தெரிகிற மாதிரி தள்ளினால் படிக்க மட்டும். மூடினால் எழுதவும் செய்யலாம். சிடி-ராம் என்பதில் 'ராம்' என்ற கடைசி மூன்று எழுத்துக்கு அர்த்தமே 'படிக்க மட்டுமான நினைவகம்' தான்.

நம்ம வகுப்பு வருகைப் பதிவேட்டை எல்லாரும் பார்க்கலாம், டீச்சர் மட்டும்தான் எழுதலாம். எல்லாரும் எழுதலாம்னு விட்டால் ஒரே நாளில் எல்லாருக்கும் நூறு சதவீதம் வருகை வந்துவிடும்!

ஆகவே பூட்டு இருப்பது நல்லது. நம்ம கேள்வி ஒன்றே ஒன்று: பூட்டு எங்கே இருக்கு, போட்டது யார்?

நம்ம ஊர் தென்னந்தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வேலிக் கதவுக்கு ஒரு பூட்டு. மோட்டார் ரூமுக்குத் தனிப் பூட்டு. உள்ளே ஸ்டார்ட்டர் பெட்டிக்கு இன்னொரு பூட்டு. மோட்டார் ஓடவில்லை என்றால் வேலிக் கதவை உடைத்துப் பயன் இல்லை. கம்ப்யூட்டரும் அப்படித்தான்.

2. முதல் பூட்டு: ஃபைலுக்குள் எட்டுச் சுவிட்சு

பழைய டாஸ் காலத்திலிருந்தே ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கில் 32 பைட் உள்ள ஒரு குறிப்பு உண்டு. ஃபைலின் பெயர், அளவு, தேதி எல்லாம் அதில் இருக்கும். பென்டிரைவில் பல இன்றும் இதே முறையில்தான் எழுதப்படுகின்றன. அந்த 32-ல் ஒரு பைட் ஃபைலின் குணத்தைச் சொல்வது. ஒரு பைட் என்றால் எட்டு பிட். எட்டுச் சுவிட்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

- மதிப்பு 1: படிக்க மட்டும்
- மதிப்பு 2: மறைந்திருக்கும்
- மதிப்பு 4: கணினிக்குச் சொந்தமான ஃபைல்
- மதிப்பு 16: இது ஃபைல் இல்லை, ஃபோல்டர்
- மதிப்பு 32: மாற்றப்பட்டது, இனிமேல்தான் நகல் எடுக்கணும்

(8 டிஸ்க்கின் பெயருக்கு உரியது. மீதி இரண்டும் இங்கே நமக்கு வேண்டாம்.) ஒரு ஃபைலின் எண் 33 என்றால் 32 + 1. அப்போ அது ரீட் ஒன்லி. நம்ம கணக்குப் பாடத்தில் வரும் இரண்டின் அடுக்குகள்தான்!

இந்தச் சுவிட்சை அணைப்பது சுலபம். ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். கீழே 'ரீட் ஒன்லி' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு அப்ளை கொடுங்கள். வேலை முடிந்தது.

3. எல்லாரையும் ஏமாற்றும் கட்டம்

இப்போ ஃபோல்டருக்கு வருவோம். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால், ரீட் ஒன்லி கட்டத்தில் டிக் இருக்காது. முழுசாக நிரப்பிய சின்னச் சதுரம் இருக்கும். அதை எடுத்துவிட்டு அப்ளை, ஓகே கொடுக்கிறோம். திரும்பப் போய்ப் பார்த்தால் அந்தச் சதுரம் அங்கேயே உட்கார்ந்திருக்கும்! பத்துத் தடவை எடுத்தாலும் பத்துத் தடவையும் வரும். "வைரஸ் வந்திருச்சு" என்று பலர் பயப்படுவது இங்கேதான்.

பயப்படாதீங்க. அந்தக் கட்டம் ஃபோல்டரைப் பற்றிப் பேசவே இல்லை. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல்களுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். சதுரம் என்றால் 'தெரியாது, நீ வேண்டுமானால் மாற்றலாம்' என்று அர்த்தம். எடுத்து அப்ளை கொடுத்தால் உள்ளே இருக்கிற ஃபைல்களின் சுவிட்சு அணையும். சதுரம் மட்டும் பழையபடி நிற்கும்.

இன்னொரு வேடிக்கை. விண்டோஸ் ஒரு ஃபோல்டருக்கு ரீட் ஒன்லி குறி போடுகிறது என்றால், 'இது தனி அலங்காரம் உள்ள ஃபோல்டர், வேற படம், வேற தோற்றம்' என்று தனக்குத் தானே அடையாளம் வைக்கிறது. அந்தக் குறி இருந்தாலும் உள்ளே புது ஃபைல் போடலாம், எழுதலாம்.

சந்தேகமா? சோதனை செய்து பாருங்கள். ஃபோல்டருக்குள் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, நியூ, டெக்ஸ்ட் டாக்குமெண்ட் கொடுங்கள். புது ஃபைல் உருவானால் ஃபோல்டரில் பூட்டு இல்லை. குறை அந்த ஒரு ஃபைலில் அல்லது அதைத் திறந்த புரோகிராமில். உருவாகவில்லை என்றால் பூட்டு ஃபோல்டரில்தான். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. முதலில் இதைச் செய்துவிட்டு மற்றதைப் பேசணும்.

4. பெரிய பூட்டு: சொந்தக்காரர் யார்?

1993-ல் வந்த விண்டோஸ் என்டி-யோடு என்டிஎஃப்எஸ் என்ற முறை வந்தது. இதில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு பட்டியல் உண்டு. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம், சொந்தக்காரர் யார் என்று அதில் இருக்கும். நிலத்துக்குப் பட்டா மாதிரி.

இந்தப் பட்டியலில் நம்ம பெயரைக் கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. நம்ம ஊர்ப் பக்கம் "ஆண்டாள்" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். அதனால்தானே ரேஷன் கடையில் கார்டு எண்ணைக் கேட்கிறார்கள்? கம்ப்யூட்டரும் ஒவ்வொரு பயனாளருக்கும் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண் கொடுக்கும். விண்டோஸைப் புதுசாகப் போட்டால் அதே பெயரைக் கொடுத்தாலும் எண் புதுசு. பழைய ஃபோல்டர் புது எண்ணைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்கும்.

எங்க பெரியம்மா வீட்டில் நடந்தது இதுதான். பெரியம்மா மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவங்க. அக்கா பள்ளியில் படித்தபோது வாங்கின விலையில்லா மடிக்கணினியில்தான் கணக்கு. நோட்டில் மொத்தத் தொகை மட்டும் இருக்கும். யார் எவ்வளவு அசல் கட்டினாங்க, எவ்வளவு வட்டி பாக்கி என்ற விவரம் எல்லாம் மூணு வருஷமா லேப்டாப்பில்தான்.

லேப்டாப் ரொம்ப மெதுவாகிவிட்டது என்று அண்ணன் விண்டோஸைப் புதுசாகப் போட்டான். பழையது எல்லாம் 'விண்டோஸ் ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் போய்விட்டது. அதைத் திறந்தபோது 'உங்களுக்கு அனுமதி இல்லை, தொடரவா?' என்று கேட்டது. தொடர் என்று கொடுத்தான். உள்ளே இருந்த 'குழு கணக்கு' ஃபோல்டரை கட் செய்து டெஸ்க்டாப்பில் பேஸ்ட் செய்தான். திறந்தால் கணக்கு எல்லாம் சரியா இருந்தது. எல்லாருக்கும் நிம்மதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பெரியம்மா வசூலை எழுதிச் சேமிக்கப் போனால் எக்ஸெல் 'ரீட் ஒன்லி, வேறு பெயரில் வேறு இடத்தில் சேமி' என்றது. அவங்களும் வேறு பெயரில் சேமித்தாங்க. அடுத்த வாரம் பழையதையே திறந்து, இன்னொரு பெயரில் சேமித்தாங்க. இப்படி ஒரே கணக்குக்கு மூணு ஃபைல். மாசக் கடைசியில் வாசித்தபோது, 600 ரூபாய் கட்டின ஒரு சித்தி பெயரில் பாக்கி என்று வந்தது. அவங்க கட்டினது இரண்டாவது ஃபைலில் இருக்கு, வாசித்தது மூணாவது ஃபைல்! கட்டினவங்களைப் பார்த்துக் கட்டலைன்னு சொன்னா சும்மா இருப்பாங்களா? "கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா, நான் பொய் சொல்றேனா?" என்று கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க. பெரியம்மாவுக்கு அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை.

டவுனில் ஒரு கடையில் கேட்டதற்கு, "ஃபார்மேட் போட்டால்தான் சரியாகும்" என்றார்கள். ஃபார்மேட் போட்டிருந்தால் மூணு ஃபைலும் போயிருக்கும், சித்தி கட்டினதற்குச் சாட்சியும் போயிருக்கும்.

காரணம் என்ன? அந்த ஃபோல்டரில் புதுப் பயனாளருக்குப் படிக்கும் உரிமை மட்டும்தான் இருந்தது. எழுதும் உரிமை பழைய எண்ணிடமே இருந்தது. ஒரே டிரைவுக்குள் கட் செய்து பேஸ்ட் செய்தால் ஃபோல்டர் தன் பழைய பட்டியலையும் சுமந்துகொண்டு வரும். காப்பி செய்து பேஸ்ட் செய்தால் புது இடத்தின் பட்டியலை எடுத்துக்கொள்ளும். இந்த வித்தியாசத்தை எல்லாரும் மனசில் வைத்துக்கொள்ளணும்!

அக்கா லீவில் வந்து சரி செய்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன்.

1. முதலில் 'குழு கணக்கு' ஃபோல்டரையும் மற்ற இரண்டு ஃபைலையும் பென்டிரைவில் காப்பி எடுத்தோம்.
2. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி. அங்கே பெயருக்குப் பதிலாக எஸ்-1-5-21 என்று நீள எண் தெரிந்தது. பழைய சொந்தக்காரர் அவர்தான்.
3. அட்வான்ஸ்டு போய், ஓனர் என்ற இடத்தில் சேஞ்ச் கொடுத்து, இப்போதைய பயனாளர் பெயரைக் கொடுத்தோம். உள்ளே இருப்பதற்கும் சேர்த்து மாற்று என்ற கட்டத்தில் டிக்.
4. திரும்ப செக்யூரிட்டி வந்து, எடிட் கொடுத்து, அந்தப் பெயருக்கு ஃபுல் கன்ட்ரோல்.
5. ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் போட்டுச் சோதித்தோம். சேமித்தது!

இதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும். அது இல்லாதவர்கள் ஃபோல்டரை காப்பி எடுத்து டாக்குமெண்ட்ஸில் போட்டு அங்கே எழுதினாலே போதும். பழையதை உடனே அழிக்காமல், பெயரை மட்டும் 'பழையது' என்று மாற்றி வையுங்கள்.

பிறகு மூணு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்து ஒரே கணக்காக்க ஒரு முழு நாள் ஆனது. அடுத்த கூட்டத்தில் அந்த 600 ரூபாயை பெரியம்மா சத்தமாக வாசித்தாங்க. சித்தி வந்திருந்தாங்க.

5. சின்னச் சின்னப் பூட்டுகள்

- வேறு யாரோ திறந்திருக்கிறார்கள்: லேபில் ஒரே வேர்டு ஃபைலை இரண்டு பேர் திறந்தால் இரண்டாவது ஆளுக்கு ரீட் ஒன்லி. முதல் ஆள் மூடினால் சரியாகும்.
- இன்டர்நெட்டில் இறக்கின ஃபைல்: மேலே மஞ்சள் பட்டை வரும். அனுப்பினவர் தெரிந்தவர் என்றால் மட்டும் 'எனேபிள் எடிட்டிங்' கொடுங்கள்.
- ஜிப் ஃபைல்: உள்ளே இருந்தபடியே திறந்தால் சேமிக்காது. முதலில் வெளியே பிரித்து எடுங்கள்.
- சி டிரைவின் வாசல்: 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டா முதல் சி டிரைவின் வெளிப்பகுதியிலும் புரோகிராம் ஃபைல்ஸிலும் சாதாரணப் பயனாளர் எழுத முடியாது. இதை மாற்றாதீர்கள். டாக்குமெண்ட்ஸில் சேமியுங்கள்.
- பணயத் திருடர்களுக்கு எதிரான காவல்: 2017 முதல் விண்டோஸ் 10-ல் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ்' என்ற வசதி உண்டு. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸைத் தடுப்பது அதன் வேலை. சில சமயம் நல்ல புரோகிராமையும் நிறுத்திவிடும். காவலை முழுசாக அணைக்காமல், அந்தப் புரோகிராமுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

6. லினக்ஸ் உள்ள மடிக்கணினிக்கு

2011-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ். கம்ப்யூட்டர் தொடங்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். லினக்ஸுக்குள் போனால் விண்டோஸ் டிரைவ் சில சமயம் முழுசாக ரீட் ஒன்லி ஆகிவிடும்.

காரணம், விண்டோஸ் உண்மையில் தூங்கப் போகவில்லை, ஒரு கண்ணை மூடிப் படுத்திருக்கிறது! ஹைபர்னேட் செய்தாலும், 2012-ல் விண்டோஸ் 8-ல் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருந்தாலும் இப்படி ஆகும். டிரைவில் எது எங்கே இருந்தது என்று விண்டோஸ் நினைவில் வைத்தபடி படுத்திருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸ் உள்ளே போய் எழுதினால், விண்டோஸ் எழுந்து பழைய ஞாபகத்தில் அதன்மேலே எழுதிக் குழப்பிவிடும். அதனால்தான் லினக்ஸ் "நான் படிக்கிறதோட நிறுத்திக்கிறேன்" என்கிறது. நல்ல பிள்ளை!

இதற்கு விண்டோஸுக்குள் போய், ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அல்லது ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்குள் வாருங்கள். வலுக்கட்டாயமாக எழுத வைக்கும் கட்டளைகள் உண்டு. வேண்டாம்.

லினக்ஸுக்குச் சொந்தமான ஃபோல்டரில் உரிமையை எண்ணாகவும் சொல்லலாம். படிக்க 4, எழுத 2, உள்ளே நுழைய 1. சொந்தக்காரர், குழு, மற்றவர் என மூணு இலக்கம். 755 என்றால் சொந்தக்காரருக்கு 4+2+1, மற்ற இருவருக்கும் 4+1. நடு எண் 2 இல்லை, எழுத முடியாது.

7. பென்டிரைவ், மெமரி கார்டு

எஸ்டி கார்டின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தள்ளு பட்டன் இருக்கும். பையில் உரசி 'லாக்' பக்கம் போயிருக்கலாம். மேலே தள்ளினால் போதும்.

ஃபோல்டர்கள் காணாமல் போய் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டதா? அது வைரஸ். முதலில் ஆன்டிவைரஸ் ஓட்டுங்கள். ஃபோல்டர்கள் அழியவில்லை, மறைந்திருக்கும் சுவிட்சையும் கணினி ஃபைல் சுவிட்சையும் வைரஸ் போட்டுவிட்டது. 'அட்ரிப்' என்ற கட்டளையால் அணைக்கலாம். அதை ஆங்கில எழுத்தில் தனிச் சீட்டில் எழுதி இந்தத் தாளின் கீழே ஒட்டியிருக்கிறேன்.

நேற்று வரை எழுதின பென்டிரைவ், பட்டன் எதுவும் இல்லாமல் இன்று திடீரென்று ரீட் ஒன்லி ஆனால் கவனம்! பென்டிரைவில் எழுதி எழுதி அழிக்க ஒரு எல்லை உண்டு. சில்லு தேய்ந்துவிட்டால், இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று அதுவே எழுதுவதை நிறுத்திக்கொள்ளும். கடைசி மூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே எல்லாவற்றையும் காப்பி எடுங்கள். ஃபார்மேட் செய்து பார்க்கலாம் என்று விளையாட வேண்டாம்.

8. செய்யக்கூடாதவை

- காப்பி எடுக்காமல் எதையும் மாற்றாதீர்கள்.
- சி டிரைவ் முழுவதற்கும் சொந்தக்காரரை மாற்றாதீர்கள். விண்டோஸே எழுந்திருக்காமல் போகலாம்.
- 'எவ்ரிஒன்' என்பதற்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுக்காதீர்கள். அது தோப்புக் கதவைக் கழற்றி வைப்பது மாதிரி.
- ஒரே கணக்கை வேறு வேறு பெயரில் சேமித்துக்கொண்டே போகாதீர்கள்.
- பள்ளி லேபில் ஒரு ஃபோல்டர் பூட்டியிருந்தால் டீச்சரிடம் கேளுங்கள். அது தெரிந்தே போட்ட பூட்டாக இருக்கும்.

சிந்திக்க ஒரு கேள்வி: லினக்ஸில் ஒரு ஃபைல் ரீட் ஒன்லி. ஆனால் அது இருக்கும் ஃபோல்டரில் உங்களுக்கு எழுதும் உரிமை உண்டு. அந்த ஃபைலை அழிக்க முடியுமா?

விடை: முடியும்! ஃபோல்டர் என்பது பெயர்களை எழுதி வைத்த ஒரு பதிவேடு. அழிப்பது என்றால் அந்தப் பதிவேட்டில் ஒரு பெயரை அடிப்பது. அதற்குப் பதிவேட்டில் எழுதும் உரிமை இருந்தால் போதும். அதனால் முக்கியமான கணக்கு வைத்திருப்பவர்கள் ஃபைலை மட்டும் பூட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வேறு ஒரு இடத்தில் ஒரு நகல் வையுங்கள்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்படி ஏதாவது பூட்டிக்கொண்டால், சோதித்துப் பார்த்ததை ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொடுங்கள். எனக்குத் தெரியாவிட்டால் அக்காவிடம் கேட்டு அடுத்த இதழில் எழுதுகிறேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மகாராஜபுரம்